லண்டனுக்கு வெளியே என்றால் மலிவா?

பிள்ளையை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பும் நம் குருவிகுளம் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "லண்டன்தான் செலவு, செம்ஸ்ஃபோர்டு மாதிரி ஊர் மலிவு" என்பார்கள் ஏஜெண்டுகள். அங்கிருந்து லண்டனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. லண்டனில் வேலை பார்ப்பவர்களும் அங்கேதான் வீடு தேடுகிறார்கள். வாடகை எப்படிக் குறையும்?

2025 ஜனவரி விசா விதிப்படி, லண்டனுக்கு வெளியே படிக்கவே மாதம் 1,136 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கு 10,224 பவுண்டு இருப்புக் காட்ட வேண்டியிருந்தது. பவுண்டு 110 ரூபாய் என்று வைத்தாலே 11 லட்சத்துக்கு மேல். கல்விக் கட்டணம் தனி. பாடம் நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அந்தச் சம்பளத்தை நம்பி ஊரில் வட்டிக்கு வாங்காதீர்கள்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கரிசல் காட்டை அடமானம் வைக்குமுன், பிள்ளையை உட்கார வைத்து வாடகை, சாப்பாடு, பஸ் என்று ஒரு தாளில் கணக்கெழுதுங்கள்.