கருப்பையை எடுத்தால்தான் உயிர் தங்குமா?

இளம்பெண்ணுக்குச் சினைப்பையில் புற்றுக்கட்டி என்றதும், "எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர், உயிர் மிஞ்சினாப் போதும்" என்கிறார்கள் பெற்றோர். சில மருத்துவர்களும் அப்படியே செய்துவிடுகிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல் வரும் சினைப்பைப் புற்றுக்கான கணக்கு இது. இருபது வயதுக்குள் வருபவை பெரும்பாலும் ஜெர்ம் செல் கட்டிகள். அரியவை, ஆனால் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுபவை.

"மறுபக்கச் சினைப்பையை விட்டுவைத்தால் அங்கேயும் வரும்." இக்கட்டிகள் பெரும்பாலும் ஒருபக்கம் மட்டுமே வருகின்றன. இவற்றில் ஒரு வகையான டிஸ்ஜெர்மினோமாவில்தான் 10 முதல் 15 சதவீதத்தினருக்கு இருபக்கமும் வருகிறது. அதனால் மறுபக்கத்தை அறுவையின்போது கவனமாகப் பார்த்தால் போதும். நன்றாக இருக்கும் சினைப்பையைச் சோதனைக்கென்று கீறினால், அந்தத் தழும்பே கருத்தரிப்புக்குத் தடையாகலாம்.

"பரவியபின் மிச்சம் வைக்கக் கூடாது." சிஸ்பிளாட்டின் வருவதற்கு முன் இந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. அமெரிக்காவில் 1978இல் ஒப்புதல் பெற்ற அம்மருந்து நிலைமையையே மாற்றியது. இன்று பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் மூன்றும் சேர்ந்து, பரவிய நோயையும் பெரும்பாலோருக்குக் குணமாக்குகின்றன. ஆகவே முற்றிய கட்டத்திலும் கருப்பையையும் நல்ல சினைப்பையையும் பெரும்பாலும் காப்பாற்ற முடிகிறது.

"கீமோ எப்படியும் மலடாக்கிவிடும்." இம்மருந்துகளுக்குப் பின் பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் திரும்புகிறது, பலர் தாயாகியிருக்கிறார்கள். அவர்களின் குழந்தைகளிடம் பிறவிக்குறைகள் கூடுதலாகக் காணப்படவில்லை. சினைப்பைக்குள்ளேயே அடங்கிய டிஸ்ஜெர்மினோமாவை முழுதாக எடுத்துவிட்டால் பலருக்குக் கீமோவே தேவையில்லை; தொடர் கண்காணிப்பு போதும்.

விதிவிலக்குகள் உண்டு. பிறப்பிலேயே ஒய் குரோமோசோம் கொண்டு, வளர்ச்சியடையாத சினைப்பைகளோடு இருக்கும் பெண்ணுக்கு இரண்டையும் எடுக்க வேண்டும். அப்போதும் கருப்பையை விட்டுவைத்தால் தானக் கருமுட்டையால் கருத்தரிக்கலாம். சினைப்பையில் வரும் வேறு வகையான கிரானுலோசா கட்டி ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பதால், கருப்பையின் உட்சுவரைப் பரிசோதித்த பிறகே கருப்பையை விட்டுவைப்பார்கள்.

எனவே ஒப்புதல் தாளில் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கட்டியின் வகையை அறிய உதவும் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் ரத்தப் பரிசோதனைகள் முடிந்தனவா? மகளிர் புற்றுநோய் அறுவை நிபுணர் பார்த்தாரா? மறுபக்கச் சினைப்பையை எடுக்க என்ன காரணம்? தெளிவான பதில் வரவில்லையென்றால், கட்டி முறுக்கிக்கொண்டது போன்ற அவசரம் இல்லாதவரை, இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள்.