விடுதி அறையில் யார் துணை?

கல்லூரிச் சேர்க்கை முடிந்ததும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பது, "விடுதி அறையில் பிள்ளையோடு தங்கப்போகிறவர் நம்மவர்தானா?" என்பதே. வானம் பார்த்த பூமியில் விளைந்ததை விற்றுப் பணம் கட்டிய அத்தாவின் கவலை நியாயமானது. ஒவ்வாத அறையில் புழுங்கி, பாதியில் மூட்டை கட்டித் திரும்பிய பிள்ளைகள் எங்கள் பக்கம் உண்டு. ஆயினும் அந்தக் கேள்வி போதாது.

அருப்புக்கோட்டையும் இராமேசுவரமும் ஒரே இராமநாதபுரம் மாவட்டமாயிருந்த 1950இல், அப்துல் கலாம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தார். விடுதியில் அவருடைய அறைத் தோழர்கள், திருவரங்கத்து வைதிக ஐயங்கார் ஒருவரும் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவரும். மூவரும் மகிழ்வோடு வாழ்ந்ததை 1999இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் நினைவுகூர்கிறார். மூன்றாம் ஆண்டில் சைவ உணவுக்கூடச் செயலாளர் பொறுப்பும் அவரிடமே வந்தது!

எனவே பழக்கங்களை விசாரியுங்கள். விளக்கை எப்போது அணைப்பார்? புகைப்பாரா? பிறர் பொருளைக் கேளாமல் எடுப்பாரா? ஸுப்ஹுக்கு நம் பிள்ளை எழுந்து நடமாடினால் முகம் சுளிப்பாரா? நள்ளிரவு இரண்டு மணிவரை கைப்பேசியில் படம் பார்க்கும் 'நம்மவரை' விட, பத்து மணிக்கே உறங்கும் பிற சமயத்தவர் அந்தத் தொழுகைக்கு நல்ல துணை. நம் பிள்ளையின் குறட்டையையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அறையை விடுதியே ஒதுக்கிவிட்டதா? பெருக்கும் முறையையும் விருந்தினர் வரும் நேரத்தையும் கைமாற்றுக்கான எல்லையையும் முதல் வாரத்திலேயே இருவரும் பேசி முடிக்கட்டும். அப்படியும் ஒத்துவராவிடில், தேர்வு நெருங்கும்வரை காத்திராமல் விடுதிக் காப்பாளரிடம் வேறு அறை கேட்கலாம்.