உப்பில் ஒரு மூளைச் சட்டம்: வேதாரண்யம் பக்கத்தில் இருந்தும் டெல்டா சமையலறைக்கு அது ஏன் எட்டவில்லை?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது வீட்டில் ஒரு உப்புச் சண்டை. பெரியப்பா மகள், எனக்கு அக்கா, மூன்று மாதக் கர்ப்பம். அவள் கையில் இளஞ்சிவப்பு இந்துப்பு பாக்கெட். "ரீல்ஸ்ல சொன்னாங்க, வெள்ளை உப்பு எல்லாம் கெமிக்கலாம்" என்றாள். அப்பாயிக்குக் கோபம். ஜாடியில் இருந்த கல்லுப்பை அள்ளிக் காட்டி, "இது நம்ம வேதாரண்யத்து உப்பு. கடல்ல வெளைஞ்சது. இதுல இல்லாத சத்தா அந்த ரோஸ் கலர்ல இருக்கு?" என்றார்.

நடுவில் மாட்டிக்கொண்டது நான். இரண்டு உப்பிலுமே அந்த வயிற்றுப் பிள்ளைக்குத் தேவையானது இல்லை என்று சொன்னால் இரண்டு பேருமே அடிக்க வருவார்கள்.

தேவையானது அயோடின். கடலில் விளைவதால் உப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்பது நம் ஊரில் படித்தவர்கள்கூட நம்பும் விஷயம். கடல் நீரில் இருக்கும் அயோடினே மிகக் குறைவு. பாத்தியில் காய்ந்து உப்பாகும்போது அதில் மிஞ்சுவது இன்னும் சொற்பம். உப்போடு பொட்டாசியம் அயோடேட் சேர்த்தால்தான் அது அயோடின் உப்பு. மலையில் வெட்டியெடுக்கும் இந்துப்புக்கும் இதே கதைதான். நாம் மூன்று வேளையும் சாப்பிடும் அரிசியிலும் அயோடின் மிகக் குறைவு.

கழுத்திலிருந்து மூளைக்கு

தைராய்டு ஹார்மோன் சுரக்க அயோடின் வேண்டும். கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர அந்த ஹார்மோன் வேண்டும். ஆனால், முதல் 3 மாதம் குழந்தைக்குச் சொந்தமாக வேலை செய்யும் தைராய்டு கிடையாது. அம்மாவிடமிருந்து வருவதுதான் எல்லாம். மூளையின் நரம்பணுக்கள் பிறந்து, தத்தம் இடத்துக்கு நகர ஆரம்பிக்கும் காலம் அது. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அதில் பாதி நாள் தெரியாது. பற்றாக்குறை கடுமையாக இருந்தால் காது கேளாமை, வளர்ச்சிக் குறைவு, மூளைத்திறன் பாதிப்பு வரை போகும். அப்போது ஏற்பட்ட சேதத்தைப் பின்னால் அயோடின் கொடுத்து முழுதாகச் சரிசெய்ய முடியாது.

புதிய கல்விக் கொள்கை 2020, மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் 6 வயதுக்குள் நடந்துவிடுகிறது என்கிறது. அந்த எண்ணைப் பேசாத கல்வி மேடை இல்லை. அங்கன்வாடிக்குப் போவதற்கும் முன்னால், பிறப்பதற்கே முன்னால் இருக்கும் மாதங்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை. அந்த மாதங்களுக்கென்று ஒரு சட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் அதை மூளைச் சட்டம் என்று அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

கதை இமாச்சலின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் தொடங்குகிறது. டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவும் பள்ளத்தாக்கைப் பகுதிகளாகப் பிரித்து, சிலவற்றுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு போன இடங்களில் முன்கழுத்துக் கழலை நன்றாகக் குறைந்தது. அதன் பலன், 1962-ல் வந்த தேசிய கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம். அதாவது, அப்போது அரசின் கண்ணில் பட்டது கழுத்து. வீங்கினால் வெளியே தெரியுமே!

பிறகு ஆய்வுகள் மூளையின் பக்கம் திரும்பின. கழலை என்பது வெளியே தெரியும் நுனி மட்டும்தான், உள்ளே இருப்பது கருவிலிருந்தே தொடங்கும் பாதிப்புகளின் வரிசை என்று 1983-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் பேசில் ஹெட்ஸெல் எழுதினார். அதற்கு 'அயோடின் குறைபாட்டுக் கோளாறுகள்' என்று பெயரும் வைத்தார். நாட்டில் உண்ணும் உப்பு முழுவதிலும் அயோடின் சேர்ப்பது என்று 1984-ல் முடிவானது. 1992-ல் திட்டத்தின் பெயரிலிருந்தே 'கழலை' போய், 'அயோடின் குறைபாட்டு நோய்கள்' வந்தது. பெயர் மாற்றம்தானே என்று தோன்றும். ஆனால், கழலை என்றால் மலைப்பகுதிக்காரர்களின் பிரச்சினை. மூளை என்றால் தஞ்சாவூருக்கும் பிரச்சினை.

கட்டாயப்படுத்தலாமா?

அயோடின் இல்லாத உப்பை உண்பதற்காக விற்கக் கூடாது என்ற மத்திய அரசின் தடை 1998-ல் வந்தது. 2000-ல் விலக்கப்பட்டது. 2006 மே மாதம் திரும்ப வந்தது. இந்தத் தள்ளாட்டத்துக்குக் காரணம், எதிர்ப்பில் நியாயம் கொஞ்சம் இருந்ததுதான். உப்பு நமக்குச் சாதாரணப் பொருள் இல்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து கிளம்பிய தொண்டர்கள் தஞ்சை மாவட்டம் முழுக்க நடந்து வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று மிரட்டினார் கலெக்டர் தார்ன். அப்படி வாங்கிய உப்பில் ஏன் கம்பெனிக்காரன் மூட்டையைத் திணிக்கிறீர்கள், சின்ன உற்பத்தியாளர் என்ன ஆவார் என்ற கேள்வியை லேசாகத் தள்ள முடியாது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2011 ஜூலையில் வந்த தீர்ப்பு, எனக்குத் தெரிந்து அறிவியலும் சட்டமும் மோதிய சுவாரசியமான இடங்களில் ஒன்று. உணவுக் கலப்படத் தடைச் சட்டம் கெட்ட பொருளைத் தடுக்க வந்தது. சாதா உப்பு கெட்டதல்லவே? நல்லதைக் கட்டாயமாகச் சேர்க்கச் சொல்ல அந்தச் சட்டத்தின் கீழ் விதி போட முடியாது என்றது நீதிமன்றம். ஆனால், உடனே தடையைத் தூக்கிவிடவில்லை. முறையான சட்ட வழியைத் தேடிக்கொள்ள அரசுக்கு 6 மாத அவகாசம் கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் அந்தத் தடை மறுபடி இடம்பெற்றது. இன்றுவரை இருப்பது அதுதான்.

கட்டாயம் சரியா என்றால், சரி என்பதுதான் என் கட்சி. 'என் உப்பு, என் விருப்பம்' என்பது சாப்பிடுகிறவரே பலனையும் அனுபவிக்கும் வரை பொருந்தும். இங்கே உப்பைத் தேர்வு செய்வது ஒருவர், மூளை வளர்வது இன்னொருவருக்கு.

விளையும் ஊரில் இல்லை

சரி, சட்டம் இருக்கிறது. நடக்கிறதா? 2018-19-ல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பின்படி, போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுக்க 76.3%. தமிழ்நாட்டில் 61.9%. மாநிலங்களில் கடைசி இடம். கடலே பார்க்காத இமயமலை மாநிலங்கள் நம்மைவிட மேலே.

உப்பு விளையும் மாநிலம் என்பதுதான் காரணமே. ரயிலில் தூரம் போகிற உப்பு ஆலை, சோதனை, பாக்கெட் என்று தாண்டிப் போகிறது. அகஸ்தியம்பள்ளியிலிருந்து மூட்டையாக லாரியில் ஏறுவதை நிறுத்திப் பார்க்க ஆள் குறைவு. கருவாட்டுக்கு, தோலுக்கு, ஐஸுக்கு, மாட்டுக்கு என்றால் அயோடின் இல்லாமல் விற்கலாம். அப்படிப் போகிற மூட்டை வழியில் ஒரு மளிகைக் கடையில் இறங்கினால் அது யாருடைய குழம்பில் விழுகிறது என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. போதாததற்கு, மண் போக நாம் கல்லுப்பை அலசி எடுக்கிறோம். மேலே தெளித்த அயோடேட் கொஞ்சநஞ்சம் இருந்தாலும் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

இதற்காகத் தள்ளுவண்டிக்காரர் மேல் வழக்குப் போட்டால் எதுவும் மாறாது. கஜா புயலில் பாத்திகளை இழந்து எழுந்த வேதாரண்யத்துச் சின்ன உற்பத்தியாளருக்கு அயோடேட்டும் தெளிக்கும் இயந்திரமும் பொதுவில் கிடைக்கட்டும். கல்லுப்பாகவே அயோடின் சேர்த்து, எழுதி ஒட்டி விற்க வழி இருக்கட்டும். சத்துணவு மையங்களுக்கு இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பைத் தமிழ்நாடு உப்புக் கழகம் கொடுத்துவருகிறது. பள்ளிப் பிள்ளையின் தட்டுக்குப் போகும் அந்த உப்பு, கர்ப்பிணியின் வீட்டுக்கும் ஏன் போகக் கூடாது?

இன்னொரு சிக்கல் வந்துகொண்டிருக்கிறது, அது எனக்கு நிஜமாகவே கவலை. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்கிறோம், நாளைக்கு 5 கிராமுக்குள். நல்லது. ஆனால், கடை உப்பில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அயோடின் ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராம். 10 கிராம் சாப்பிட்டால் பெரியவருக்கான 150 மைக்ரோகிராம் சரியாக வரும். 5 கிராம் என்றால் 75. கர்ப்பிணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 250. பால், முட்டை, மீனில் கொஞ்சம் வரும், மீதி? உப்பைக் குறைப்பதும் அயோடினைக் கூட்டுவதும் ஒரே மேசையில் பேச வேண்டியவை. அளவை உயர்த்தினால் இரண்டும் நடக்கும்.

இதைப் படித்துவிட்டு "அப்போ டெல்டா பசங்க மூளை கம்மியா?" என்று கமென்ட் வரும், தெரியும். அப்படி எந்த ஆய்வும் சொல்லவில்லை. கடுமையான பற்றாக்குறை உள்ள பகுதிகளில் ஐ.க்யூ சராசரியாக 13.5 புள்ளி வரை குறைந்ததாக ஒரு தொகுப்பாய்வு உண்டு. நம் நிலை அதுவல்ல. லேசான குறைபாட்டைப் பற்றிய தரவு அவ்வளவு தெளிவில்லை. ஆனாலும் பிரிட்டனில் 2013-ல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தின்போது அயோடின் குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகள் 8, 9 வயதில் படிப்பதில் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். நோய் என்று யாரும் சொல்லாத அளவு, மார்க் ஷீட்டில் மட்டும் தெரியும் அளவு. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பது நமக்குத் தெரியும்.

வீட்டுச் சண்டை எப்படி முடிந்தது என்றால், அக்கா இந்துப்பை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டாள். நார்த்தங்காய் ஊறுகாய்க்குக் கல்லுப்புதான் என்பதில் அப்பாயி அசையவில்லை, குழம்புக்கு மட்டும் பாக்கெட் உப்பு என்று இறங்கிவந்தார். பாக்கெட்டைத் திருப்பி, அயோடின் என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் ஆயி, வண்டியில அளந்து ஊத்துறானே, அதுல எங்க எழுதியிருக்கும்?"