இரசீது இல்லாத கைக்கடிகாரம்



நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் திருமணத்தின்போது மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு கைக்கடிகாரமும் அணிவிப்பது நெடுநாளைய வழக்கம். ஒரு தலைமுறைக்கு முன் அது பெரும்பாலும் எச்.எம்.டி. கடிகாரமாக இருந்தது. ஜப்பான் நாட்டுச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய அக்கடிகார உற்பத்தியை மூடிவிட நடுவணரசு 2016-இல் முடிவு செய்தது. இன்று நிலைமை வேறு. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்ததையொட்டிப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடுமுறைக்கு ஊர் வரும்போது, விலையுயர்ந்த சுவிஸ் கடிகாரங்களை அன்பளிப்பாகக் கொண்டு வருகின்றனர். அன்பு வந்து சேர்கிறது. ஆனால் அதற்குரிய இரசீது வந்து சேர்வதில்லை.

அண்மையில் ஓர் அன்பர் இத்தகைய சிக்கலொன்றை என்னிடம் கூறினார். மைத்துனர் தந்த கடிகாரம் ஓராண்டுக்குள் நேரம் தவறத் தொடங்கிற்று. பழுதுபார்க்கும் நிலையத்தில், “உத்தரவாத அட்டையும் இரசீதும் இல்லையேல் இலவசமாகப் பார்க்க இயலாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மைத்துனரிடம் இரசீது கேட்டால், கொடுத்த பொருளின் விலையை ஆராய்கிறான் என்று மனம் நோவாரோ என இவருக்குத் தயக்கம். இதற்கிடையில் நண்பர் ஒருவர், “தெரிந்த கடையில் ஒரு பில் போட்டு வாங்கிவிடலாம், கடிகாரம் உண்மையானதுதானே, இதில் என்ன தவறு?” என்று யோசனை கூறினாராம். அவர் என்னிடம் கேட்டதும் இந்தக் கேள்வியையே. இது பல இல்லங்களுக்கும் உரிய கேள்வியாதலால் சற்று விரிவாகவே விடை கூறுகிறேன்.

முதலில், நிறுவனம் இரசீதை ஏன் கேட்கிறது என்பதை உணரவேண்டும். இரசீது மூன்று செய்திகளை மெய்ப்பிக்கிறது: கடிகாரம் எந்த நாளில் விற்கப்பட்டது, அதை விற்றவர் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவரா, கையிலிருப்பது அதே கடிகாரந்தானா. உத்தரவாதம் என்பது காலவரையறை உடையது. ரோலெக்ஸ் 2015-இலிருந்தும், ஒமேகா 2018-இலிருந்தும் 5 ஆண்டு உத்தரவாதம் அளித்து வருகின்றன. அந்த ஆண்டுக்கணக்கு விற்பனை நாளிலிருந்தே தொடங்குகிறது. நாள் தெரியாவிடில் கணக்கும் இல்லை. பல நிறுவனங்கள் தொலைந்த அட்டைக்குப் பதிலாக மற்றோர் அட்டை தருவதும் இல்லை. ஆகவே நிலையத்தார் இரசீது கேட்பதை அவமதிப்பாகக் கொள்ளலாகாது.

ஆயினும், அந்தத் துண்டுத்தாள் ஒன்றே சான்று என்று எண்ணுவதும் பிழை. கடிகாரத்தின் பின்மூடியிலோ, பட்டை பொருந்தும் இடத்திலோ, உட்புற விளிம்பிலோ ஒரு வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். பொருளின் அடையாளம் அதுவே. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, வாங்கிய கடைக்கு எழுதிக் கேட்கலாம். நம் நாட்டில் பொருள் சேவை வரிச் சட்டப்படி வணிகர்கள் தம் கணக்குகளை ஆண்டறிக்கைக்குரிய கெடுநாளிலிருந்து 72 மாதங்கள் காக்கக் கடமைப்பட்டவர்கள். பிரான்சு நாட்டு வணிகச் சட்டமோ கணக்கேடுகளையும் அவற்றின் ஆதாரத் தாள்களையும் 10 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. எனவே நம் கையில் இரசீது தொலைந்தாலும் கடைக்காரர் கையில் அதன் நகல் இருக்கவேண்டும். பணம் செலுத்திய வங்கிக் கணக்கு அறிக்கையும் விற்பனை நாளைக் காட்டும். இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் 2 இலட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதைச் சட்டம் தடுத்துள்ளதால், இங்கே வாங்கிய மிக விலையுயர்ந்த கடிகாரத்திற்கு வங்கிச் சுவடு இருந்தே தீரும்.

வெளிநாட்டு உறவினர் தந்ததாயின் இன்னொரு வழியும் உண்டு. பிரான்சில், உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் ஒருபுறமிருக்க, விற்ற கடைக்காரரே 2 ஆண்டுகளுக்குப் பழுதுக்குப் பொறுப்பேற்கவேண்டும் என்று சட்டம் விதிக்கிறது. அக்காலத்துக்குள் தோன்றும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். ஆகவே உறவினர் அடுத்த முறை வரும்போது கடிகாரத்தைக் கொடுத்தனுப்பி, வாங்கியவர் என்ற முறையில் அவரே அக்கடையில் முறையிடச் செய்யலாம்.

இனி, நம் நாட்டுச் சட்டம் கூறுவதைக் காண்போம். முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாளில், குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அந்நாள் தேசிய நுகர்வோர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. விலை கொடுத்து வாங்கியவர் மட்டுமன்றி, அவருடைய சம்மதத்தோடு அப்பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று அச்சட்டம் தெளிவாகக் கூறுகிறது. எனவே “நீங்கள் வாங்கவில்லையே” என்ற ஒரு சொல்லால் அன்பளிப்புப் பெற்றவரை ஒதுக்கிவிட முடியாது. முறைப்படி பில் கொடுக்காமல் விற்பதையும் நேர்மையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாக அதே சட்டம் சேர்த்துள்ளது.

போதிய சான்று காட்டியும் நிலையத்தார் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பின்னர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். புகார் செய்பவர் வாழும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், பாகூர்க்காரர் சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டியதில்லை. புதுச்சேரியிலேயே மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரையாயின் கட்டணமில்லை. 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும் என்பதை மறவாதீர்கள். கடல் கடந்த கடையொன்றை இங்கிருந்து வழக்குக்கு இழுப்பது எளிதன்று என்பதையும் மனத்திற் கொள்க.

வழக்குக்கு முன் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். அது உண்மையிலேயே பழுதுதானா? மின்கலமின்றி வில்லால் இயங்கும் கடிகாரம் நொடி பிசகாமல் ஓடுவதில்லை. சுவிஸ் காலமானிச் சான்று பெற்ற இயந்திரத்திற்கே நாளொன்றுக்குச் சராசரியாக 4 நொடி பிந்தவும் 6 நொடி முந்தவும் இடமளிக்கப்பட்டுள்ளது. ஒலிபெருக்கி முதலிய காந்தப் பொருள்களின் அருகே வைத்தாலும் கடிகாரம் மிக விரைந்து ஓடும். காந்தம் நீக்கினால் அது சரியாகிவிடும். கண்ணாடி உடைதல், தோல்பட்டை தேய்தல், திருகைச் சரிவர மூடாததால் நீர் புகுதல் ஆகியவை பொதுவாக உத்தரவாதத்தில் அடங்கா. அங்கீகாரம் பெறாதவர் பின்மூடியைத் திறந்துவிட்டால் உள்ள உத்தரவாதமும் போய்விடக்கூடும். ஆகவே அவசரப்பட்டுக் கடைத்தெருவில் திறக்கக் கொடுக்காதீர்கள்.

எல்லா வழியும் அடைபட்டால், கட்டணம் செலுத்திப் பழுதுபார்த்துக் கொள்வதே நேரிய வழி. கடிகாரம் உண்மையானதாயின், உத்தரவாதம் இல்லாவிடினும் நிறுவன நிலையங்கள் கட்டணத்திற்குப் பழுதுபார்ப்பதுண்டு.

இப்போது அந்த நண்பரின் யோசனைக்கு வருவோம். கடிகாரம் உண்மையானதாக இருக்கலாம், பில் பொய்யானது. உண்மையான பொருளுக்குப் பொய்ச்சான்று எழுதினால் பொய் உண்மையாகிவிடாது. விற்காத பொருளை விற்றதாக எழுதும் கடைக்காரரையும் நம் பாவத்தில் பங்காளியாக்குகிறோம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி பொய் ஆவணம் புனைவதும், அதை மெய்யென்று காட்டிப் பயன்படுத்துவதும் தண்டனைக்குரிய குற்றங்கள். திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு நாளை மாற்றி எழுதித் தருமாறு எவரேனும் கேட்டால் நாம் இசைவோமா? சிறிய தாளில் பொய்யைப் பழகிய கை, பெரிய தாளிலும் அதைத் துணிந்து எழுதும். மாப்பிள்ளையின் கையில் அணிவித்த அன்பின் அடையாளம் ஒரு பொய்யின் அடையாளமாக மாறுவதைவிட, பழுதுக் கூலியாகச் சில ஆயிரம் ரூபாய் செலவாவது மேல்.

மைத்துனரிடம் கேட்கத் தயங்கவும் வேண்டாம். விலையைக் கேட்பது வேறு, இரசீதைக் கேட்பது வேறு. “நீங்கள் தந்த கடிகாரம் நெடுநாள் ஓடவேண்டும் என்று விரும்புகிறேன், அதற்குரிய தாள்கள் இருக்கின்றனவா?” என்று கேட்டால் எந்த அன்பரும் வருந்தமாட்டார், மகிழ்வார். தொகையை மறைத்துவிட்டு நகல் அனுப்பும்படியும் சொல்லலாம்.

கொடுப்போருக்கும் ஒரு வார்த்தை. பரிசுப் பெட்டியிலிருந்து விலைச்சீட்டை எடுத்துவிடுங்கள். முத்திரையும் நாளும் இடப்பட்ட உத்தரவாத அட்டையை எடுத்துவிடாதீர்கள். இரசீதையும் ஓர் உறையிலிட்டுக் கொடுங்கள். இக்காலத்துக் கடை இரசீதுகள் பெரும்பாலும் வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் தாளில் அச்சாகின்றன. நம் ஊர் வெயிலில் ஓரிரு ஆண்டுக்குள் அவை வெறுந்தாளாகிவிடும். ஆகவே வாங்கிய அன்றே நகலெடுத்து, அதில் வரிசை எண்ணையும் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். இன்று மாலையே அலமாரியைத் திறந்து, உங்கள் இல்லத்திலுள்ள பொருள்களின் தாள்கள் எங்கே இருக்கின்றன என்று குடும்பமாக அமர்ந்து பாருங்கள்.