சோதிப்பவர்களைச் சோதிப்பது யார்?

கடை வைத்திருக்கும் எந்த வியாபாரியும் கல்லாப்பெட்டிச் சாவியை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வெளியூர் போவதில்லை. பத்து வருடம் கூடவே இருந்த கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தாலும், திரும்பி வந்ததும் கணக்கைச் சரிபார்த்த பிறகுதான் தூங்கப் போகிறோம். அது அவநம்பிக்கை அல்ல, வியாபார ஒழுங்கு.

அதே வியாபாரி விமானம் ஏறப் போகும்போது என்ன செய்கிறார்? பர்ஸ், கைக்கடிகாரம், செல்போன், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் தட்டில் போடுகிறார். பெயர்கூடத் தெரியாத ஓர் ஊழியரின் பக்கம் அதைத் தள்ளிவிடுகிறார். பிறகு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். தட்டு ஒரு பக்கம் போகிறது. அவர் ஒரு பக்கம் போகிறார்.

பாதுகாப்புக்காக இதைச் சகித்துக்கொள்கிறோம். சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. நம்மைச் சோதிக்கும் அவரைச் சோதிப்பது யார்?

இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே அதிகமாகச் செலவு செய்து பதில் தேடிய நாடு அமெரிக்கா. அங்கே நடந்ததைப் பார்த்தாலே பாடம் கிடைத்துவிடும்.

அதிகாரம் பிறந்த கதை

2001 செப்டம்பர் 11க்கு முன்பு அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளைச் சோதித்தவர்கள் தனியார் கம்பெனி ஆட்கள். செலவு விமானக் கம்பெனிகளுடையது. எந்தக் கம்பெனி மலிவாகச் செய்து தருமோ அதற்கே ஒப்பந்தம். கூலி குறைவு. இன்று சேர்ந்தவர் நாளை இருக்க மாட்டார். பிலடெல்பியா விமான நிலையத்தில், குற்றப் பின்னணி உள்ளவர்களைக்கூடச் சரியாக விசாரிக்காமல் வேலைக்கு வைத்ததாக ஒரு கம்பெனி 2000ஆம் ஆண்டில் நீதிமன்றத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டது.

தாக்குதல் நடந்த மூன்று மாதத்திற்குள், 2001 நவம்பரில், புதுச் சட்டம் வந்தது. போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் உருவானது. டி.எஸ்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சோதனை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. பெட்டியைத் திறக்கலாம், உடம்பைத் தடவிப் பார்க்கலாம், விமானம் ஏறவிடாமல் நிறுத்தலாம் என்று, ஏறத்தாழ 50,000 ஊழியர்கள் கொண்ட ஒரு படையின் கையில் பெரிய அதிகாரம் கொடுக்கப்பட்டது.

சீருடை மாறியது. சம்பளம் தரும் கை மாறியது. கண்காணிப்பு மாறியதா?

வேலியே பயிரை மேய்ந்தது

நியூவார்க் விமான நிலையத்தில் ஓர் ஊழியர் வருடக்கணக்கில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து கேமராக்களையும் கணினிகளையும் எடுத்து இணைய ஏலத்தில் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் கேமராவை விற்கப் போய் 2008இல் மாட்டிக்கொண்டார். சிறைக்கும் போனார். வெளியே வந்தபின் 2012இல் ஏ.பி.சி. தொலைக்காட்சியிடம் அவரே சொன்ன கணக்கு, மொத்தத்தில் 8 லட்சம் டாலருக்கு மேல்! திருடுவது அவ்வளவு சுலபமாகிவிட்டதால் எச்சரிக்கையே இல்லாமல் போய்விட்டதாகவும் அவரே சொன்னார். வருடக்கணக்கில் ஒருவர் பெட்டி பெட்டியாகத் திருடுகிறார். மேலதிகாரிகளின் கண் எங்கே இருந்தது?

அதே ஆண்டு அந்தத் தொலைக்காட்சி ஒரு சோதனை நடத்தியது. பத்து விமான நிலையங்களில், சோதனை இடத்தில் ஓர் ஐபேடை மறந்துவிட்டதுபோல் விட்டுவிட்டு வந்தார்கள். ஒன்பது இடங்களில் ஊழியர்கள் அதைப் பத்திரமாக உரியவரிடம் சேர்த்தார்கள். பத்தாவது, ஆர்லாண்டோவில், ஊழியரின் வீட்டுக்கே போய்விட்டது. நிருபர் கதவைத் தட்டிக் கேட்டதும், எனக்கு எதுவும் தெரியாது என்றார் அவர். நிருபர் தூரத்திலிருந்தே கருவியின் மணியை ஒலிக்கச் செய்தார். வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. உடனே பழியைத் தூக்கி மனைவியின் மேல் போட்டார். வேலை போனது.

திருட்டுக்காக 2003 முதல் 2012 வரை வேலை நீக்கம் செய்யப்பட்டவர்கள் ஏறத்தாழ 380 பேர் என்று அப்போது நிர்வாகமே கணக்குக் கொடுத்தது. அதன் பிறகாவது நின்றதா? 2023இல் மயாமி விமான நிலையத்தில், எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய்வரும் பையில் ஊழியர்கள் கைவிட்டுப் பணத்தை எடுத்த காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி உலகமே பார்த்தது.

திருட்டைவிடப் பெரிய ஆபத்து

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். உயிர்?

லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில், லஞ்சம் வாங்கிக்கொண்டு போதைப்பொருள் பெட்டிகளைச் சோதனையில் கண்டுகொள்ளாமல் விட்டதாக 2012இல் நான்கு பேர் மீது வழக்குப் போடப்பட்டது. இருவர் அப்போதும் வேலையில் இருந்தவர்கள், இருவர் முன்னாள் ஊழியர்கள். ஒரு பெட்டியை விட்டுவிட 2,400 டாலர் வரை கூலி! போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலையத்தில் 1998 முதல் 2016 வரை சுமார் 20 டன் கொக்கேய்ன் கடத்தப்பட்டதாக 2017இல் 12 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அதிலும் டி.எஸ்.ஏ. ஊழியர்கள் இருந்தார்கள்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும் ஊழியருக்கு, பெட்டிக்குள் இருப்பது போதைப்பொருள்தான், வெடிகுண்டு அல்ல என்று உத்தரவாதம் கொடுத்தது யார்? லஞ்சம் வாங்கும் காவலன் கதவின் ஒரு பாதியை மட்டும் திறந்து வைக்க முடியாது. திறந்த கதவு எல்லோருக்கும் திறந்த கதவுதான்.

2015இல் வெளியான இன்னொரு செய்தி அமெரிக்காவையே உலுக்கியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தணிக்கை அதிகாரிகள் சாதாரணப் பயணிகளைப் போல் போலி வெடிகுண்டுகளையும் ஆயுதங்களையும் எடுத்துக்கொண்டு சோதனையைக் கடந்து பார்த்தார்கள். 70 முறை முயன்றார்கள். 67 முறை பிடிபடவில்லை! அன்றைய தற்காலிகத் தலைவர் அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார்.

சந்தேகம் யார் மேல்?

இப்படி உள்ளே ஓட்டை விழுந்துகொண்டிருந்தபோது, சந்தேகத்தின் விரல் யாரை நோக்கி நீண்டது?

2009 டிசம்பர் 25 அன்று, டெட்ராய்ட் நோக்கிப் போன விமானத்தில் ஒரு நைஜீரிய இளைஞன் உள்ளாடையில் மறைத்து வைத்த வெடிபொருளைப் பற்றவைக்க முயன்றான். அடுத்த சில நாட்களில், 2010 ஜனவரியில், 14 நாடுகளின் பட்டியல் ஒன்றை அறிவித்தார்கள். அந்த நாட்டவர்களும், அந்த நாடுகளிலிருந்தோ அவற்றின் வழியாகவோ அமெரிக்கா வருபவர்களும் கூடுதல் சோதனைக்கு உள்ளாக வேண்டும் என்றார்கள். கியூபாவைத் தவிர மற்ற 13 நாடுகளும் முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் நாடுகள். சவூதி அரேபியாவும் அதில் ஒன்று. ரியாத்திலும் ஜித்தாவிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளை அங்கிருந்து அமெரிக்காவுக்கு விமானம் ஏறினாலும் அந்தக் கணக்கில் வந்துவிடுவான். எதிர்ப்புக் கிளம்பியது. அந்த ஏப்ரலிலேயே வேறு முறை கொண்டு வரப்பட்டது.

இதில் பலர் மறந்துபோன ஒரு செய்தி உண்டு. அந்த இளைஞனைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்தவர் யார் தெரியுமா? அவனுடைய சொந்தத் தந்தை! ஒரு முஸ்லிம். என் மகனின் போக்கு சரியில்லை என்று 2009 நவம்பரிலேயே நைஜீரியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு நேரில் போய்ச் சொன்னவர் அவர். சொன்னதைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. விமானத்தில் அவனைப் பாய்ந்து அமுக்கியவர்களும் சோதனை ஊழியர்கள் அல்ல, சக பயணிகள்தான்.

ஆக, அன்று கைகொடுத்தது இயந்திரம் அல்ல. மக்களின் ஒத்துழைப்பு. பெற்ற மகனைப் பற்றி ஒரு தகப்பன் அரசாங்கத்திடம் போய்ச் சொல்கிறார் என்றால், சொன்னால் நியாயமாக நடப்பார்கள் என்ற நம்பிக்கையில்தானே சொல்கிறார்? மக்களின் நம்பிக்கைதான் பாதுகாப்பின் முதல் வேலி. சோதனை என்ற பெயரில் திருடுகிறவரும் அவமானப்படுத்துகிறவரும் உடைப்பது அந்த வேலியைத்தான்.

கலாமுக்கே இந்த நிலை

நம் ராமேசுவரத்து அப்துல் கலாமுக்கு நேர்ந்தது நினைவிருக்கிறதா? 2009 ஏப்ரலில் டெல்லி விமான நிலையத்தில் ஓர் அமெரிக்க விமானக் கம்பெனியின் ஊழியர்கள் அவரை உடல் சோதனை செய்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு என்ற இந்திய விதி அங்கே செல்லவில்லை. டி.எஸ்.ஏ. விதி என்றார்கள். கலாம் ஒரு வார்த்தை பேசாமல் ஒத்துழைத்தார். மூன்று மாதம் கழித்து நாடாளுமன்றத்தில் குரல் எழுந்த பிறகுதான் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில், விமானத்தில் ஏறி அமர்ந்துவிட்டவரிடமிருந்து மேல்கோட்டையும் காலணியையும் வாங்கிக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். இந்தியா எதிர்ப்புத் தெரிவித்ததும் மீண்டும் மன்னிப்பு.

கலாம் புகார் சொல்லவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. அவருக்காகப் பேச ஒரு நாடாளுமன்றம் இருந்தது. உங்களுக்கும் எனக்கும்?

டென்வர் விமான நிலையத்தில் நடந்ததைக் கேளுங்கள். தனக்குப் பிடித்த தோற்றமுள்ள ஆண் பயணி வரும்போது, ஓர் ஊழியர் சக ஊழியருக்குச் சைகை காட்டுவார். அவர் இயந்திரத்தில் ஆண் என்பதற்குப் பதிலாகப் பெண் என்ற பொத்தானை அழுத்துவார். இயந்திரம் தவறாக எச்சரிக்கும். அந்தச் சாக்கில் அந்தரங்க இடங்களைத் தொட்டுச் சோதனை நடக்கும். உள்ளிருந்து தகவல் வந்து, 2015இல் இருவரும் வேலையை இழந்தார்கள். வழக்கு? பாதிக்கப்பட்ட பயணி யார் என்றே அடையாளம் காண முடியவில்லை. ஆகவே வழக்கும் இல்லை. நம் மௌனம் குற்றவாளிக்குக் கிடைக்கும் விடுதலைப் பத்திரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எல்லோரும் திருடர்களா?

இங்கே நாம் நிதானமாக இருக்க வேண்டும். எவனோ ஒருவன் செய்ததற்கு எங்கள் சமுதாயத்தையே சந்தேகிக்காதே என்று சொல்லும் நாம், சில நூறு பேரின் குற்றத்துக்காக 50,000 பேரையும் திருடர்கள் என்று சொல்லலாமா? கூடாது. பத்து ஐபேடில் ஒன்பதைத் திருப்பிக் கொடுத்தவர்களும் அதே சீருடைக்காரர்கள்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் சதி குலையத் தொடங்கியதே, பெட்டியைக் கொண்டுவந்தவன் வழிமாறி வேறொரு சோதனை இடத்துக்குப் போனதால்தான். அங்கே இருந்த நேர்மையான ஊழியர் சுமார் நாலரை கிலோ கொக்கேய்னைப் பிடித்துவிட்டார். நியாயம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்: ஆளைப் பார்க்காதே, செயலைப் பார்!

அப்படியானால் குறை எங்கே? தண்டிக்கும் முறையில். அமெரிக்க அரசுக் கணக்காய்வு அலுவலகம் 2013இல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். 2010 முதல் 2012 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஏறத்தாழ 9,600 ஒழுங்கீனப் புகார்கள் விசாரிக்கப்பட்டன. அந்தக் காலத்திற்குள் ஆண்டு எண்ணிக்கை 26 சதவீதம் உயர்ந்தது. முடிவு என்ன? 47 சதவீதத்தில் கண்டனக் கடிதம். 17 சதவீதத்தில்தான் வேலை நீக்கம். வேலைக்குத் தாமதமாக வருவது போன்ற சிறு தவறுகளும் இதில் அடக்கம் என்பது உண்மை. ஆனால் விமான நிலையங்களில் எடுக்கப்படும் நடவடிக்கை விதிப்படி நடக்கிறதா என்று தலைமையகம் சரிபார்ப்பதே இல்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது. கடைக்கணக்கை வருடக்கணக்கில் பார்க்காத முதலாளியைப் பற்றி நாம் என்ன சொல்வோம்?

நாம் செய்ய வேண்டியது

பிளாஸ்டிக் தட்டில் பணத்தைத் திறந்து போடாதீர்கள். பர்ஸ், பணம், கடிகாரம் எல்லாவற்றையும் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். பை இயந்திரத்துக்குள் போவதைப் பார்த்த பிறகே நீங்கள் நகருங்கள். மறுபக்கம் எடுத்ததும் அங்கேயே சரிபாருங்கள். வீட்டுக்குப் போய் எண்ணிப் பயனில்லை.

சரக்கோடு போகிறவர்கள், டி.எஸ்.ஏ. பூட்டு என்று விற்பதை நம்பி விலையுயர்ந்த பொருளைப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டாம். அந்தப் பூட்டுகளைத் திறக்கும் பொதுச்சாவிகளின் படம் 2014இல் ஒரு நாளிதழில் வெளியாகி, 2015இல் அதைப் பார்த்தே யாரும் சாவி செய்துகொள்ளும் நிலை வந்துவிட்டது.

அமெரிக்காவில் உடல் சோதனை என்றால் தனியறை கேட்கலாம். கூட வந்தவரை உடன் வைத்துக்கொள்ளலாம். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். நம் சென்னை, திருச்சி விமான நிலையங்களில் சோதிப்பது மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை. இங்கும் பெண்களுக்கு மறைவிடமும் பெண் காவலரும் உண்டு. இதைக் கேட்பது சலுகையல்ல, உரிமை!

தவறு நடந்தால் கத்த வேண்டாம், கைகலக்க வேண்டாம். நேரம், நுழைவாயில், வரிசை எண் மூன்றையும் குறித்துக்கொண்டு, அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். கேமராப் பதிவைக் காப்பாற்றி வைக்கும்படி அதிலேயே கேளுங்கள். பதிவுகள் காலாகாலத்துக்கும் இருப்பதில்லை. படித்த இளைஞர்கள் இந்தப் புகாரை எழுதத் தெரியாத பெரியவர்களுக்காக எழுதிக் கொடுங்கள். இதுவும் ஒரு சமுதாயப் பணிதான்.

அடுத்தவர் பெட்டியைத் திறக்கும் அதிகாரம் ஓர் அமானிதம். அதைக் கையில் வைத்திருப்பவர், சோதிக்கப்படுகிறவரைவிடக் கூடுதலாகச் சோதிக்கப்பட வேண்டும். நாம் பெல்ட்டைக் கழற்றத் தயார். காலணியைக் கழற்றத் தயார். பெட்டியைத் திறந்து காட்டவும் தயார்.

அவர்கள் கணக்கைத் திறந்து காட்டத் தயாரா?