பால் கறப்பதும் பாடமே

கல்லூரி பெரிதானால் கல்வியும் பெரிதாகும் என்று எண்ணுகிறோம். கலிபோர்னியப் பாலைநிலத்தில் டீப் ஸ்பிரிங்ஸ் என்றொரு சிறு கலைக் கல்லூரி உள்ளது. எல். எல். நன் என்னும் மின்துறை முன்னோடி 1917-இல் நிறுவியது. மாணவர் 30 பேர் அளவே, ஈராண்டுப் படிப்பு, கல்விக் கட்டணம் இல்லை. தத்துவம் படிப்போரே பால் கறக்கின்றனர், சமைக்கின்றனர், வாரம் ஏறத்தாழ 20 மணி நேரம் உழைக்கின்றனர். புது மாணவரைத் தேர்வதிலும் ஆசிரியரை அமர்த்துவதிலும் அவர்களுக்குப் பங்குண்டு. குறையும் உண்டு: பெண்களுக்கு அதன் வாயில் திறந்தது 2018-இல்தான்.

வடபுலம் வந்து பயிலும் நம் நிலை என்ன? விடுதிச் சாம்பாரில் உப்பில்லை என்கிறோம். உணவுக் குழுவில் சேர அழைத்தால் ஒதுங்குகிறோம். வேதியியல் ஆய்வகத்தில் என்னுடன் பயில்வோரில் பலருக்குக் குடுவை கழுவுபவரின் பெயர்கூடத் தெரியாது.

முப்பது பேருக்கு இயல்வது ஆயிரவருக்கு இயலுமா என்பீர்கள். இயலும். விடுதியின் ஒவ்வொரு தளமும் ஒரு சிறு கல்லூரிதானே! வாரம் ஒரு நாள் சமையற்கூடப் பணியை நம் சங்கத்தார் முறைவைத்து ஏற்போம். பொறுப்பேற்றவன் கேட்கும் உரிமைக்கே வலிமை அதிகம். மனு எழுதும் கை கரண்டியும் பிடிக்கட்டும்!