வளர்ச்சிக்கும் சான்று வேண்டும்

அறிவியல் எழுத்தைக் கற்பிக்கும் பாடங்கள் பலவற்றில், பருவ இறுதியில் மாணவர்கள் ஒரு சிந்தனை மீட்சியை எழுதி ஒப்படைக்க வேண்டும். தொடக்கத்தில் எப்படி எழுதினார்கள், இப்போது எப்படி எழுதுகிறார்கள், இடையில் என்ன மாறியது என்பதை அவர்களே கூற வேண்டும். இத்தகைய சிந்தனை மீட்சிகளில் அடிக்கடி தலைகாட்டும் வாக்கியம் ஒன்று உண்டு. “இந்தப் பாடத்தின்வழி நான் நிறையக் கற்றுக்கொண்டேன், என் எழுத்துத் திறன் மிகவும் மேம்பட்டுள்ளது” என்பதே அது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சான்று இல்லாமல் எதையும் கூறக்கூடாது என்று பருவம் முழுவதும் கற்ற மாணவர், தம்மைப் பற்றி எழுதும்போது மட்டும் சான்றே இல்லாத கூற்றை முன்வைக்கிறார். செடி நன்கு வளர்ந்தது என்று ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதினால், எத்தனை நாளில் எத்தனை சென்டிமீட்டர் என்று ஆசிரியர் கேட்பார். எழுத்தின் வளர்ச்சிக்கும் அதே கேள்வி பொருந்தும். அதற்கு விடையளிக்கும் சான்று மாணவரின் பழைய வரைவுகளில்தான் கிடைக்கும்.

டிங்கிக் காய்ச்சலைப் பற்றிய ஒரு கட்டுரையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பப்பாளி இலைச்சாறு டிங்கியைப் போக்கும் என்ற செய்தி புலனக் குழுக்களில் வலம் வருவது பலரும் அறிந்ததே. அதைப் படித்த மாணவி ஒருத்தி, “பப்பாளி இலைச்சாறு டிங்கிக் காய்ச்சலைக் குணப்படுத்தும் என்பதை அறிவியல் நிரூபித்துவிட்டது” என்று தன் முதல் வரைவைத் தொடங்குகிறாள். வாக்கியத்தில் பிழை இல்லை; ஓசையும் நன்றாக இருக்கிறது. எந்த ஆய்வு அப்படிக் கூறியது என்று ஆசிரியர் ஓரத்தில் ஒரு கேள்வியை எழுதித் திருப்பித் தருகிறார்.

அவள் தேடிப் பார்க்கிறாள். 2013ஆம் ஆண்டு வெளிவந்த மலேசிய ஆய்வு ஒன்று கிடைக்கிறது. அதில் 200க்கும் மேற்பட்ட டிங்கி நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு மூன்று நாள் தொடர்ந்து பப்பாளி இலைச்சாறு கொடுக்கப்பட்டது. மற்றொரு பிரிவினர் வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றனர். சாறு அருந்தியவர்களின் இரத்தத் தட்டணுக்கள் விரைவாகக் கூடின என்பது ஆய்வின் முடிவு. தட்டணுக்கள் கூடுவதும் நோய் குணமாவதும் ஒன்றல்ல என்பதை அவள் அப்போதுதான் உணர்கிறாள். இரண்டாம் வரைவில், “நிரூபித்துவிட்டது” என்ற சொல் மறைகிறது. “ஓர் ஆய்வில் தட்டணுக்கள் விரைவாகக் கூடின” என்ற வாக்கியம் அந்த இடத்திற்கு வருகிறது.

மூன்றாம் வரைவில் அவள் வாசகரை நினைக்கத் தொடங்குகிறாள். தட்டணு என்றால் என்னவென்று தன் பாட்டிக்குத் தெரியாதே என்று எண்ணி, காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கு உதவும் மிகச் சிறிய அணு என்று ஒரு வரி சேர்க்கிறாள். டிங்கியின் ஆபத்து தட்டணுக்கள் குறைவதில் மட்டும் இல்லை. இரத்த நாளங்களிலிருந்து நீர்மம் கசிவதாலும் உயிருக்கு ஆபத்து நேரும் என்பதை விளக்குகிறாள். நான்காம் வரைவில் அறிவுரை ஒன்றும் இடம்பெறுகிறது. காய்ச்சல் தணியும் வேளையில்தான் நோய் கடுமையாகக்கூடும்; ஆகவே, சாறு கொடுத்தாயிற்று என்று மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

முதல் வரைவை நம்பிய ஒரு தாய், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கக்கூடும். நான்காம் வரைவைப் படித்தவர் மருத்துவமனைக்குக் கிளம்புவார். அறிவியல் எழுத்தில் ஒரு வினைச்சொல்லைத் திருத்துவது அழகுக்காக மட்டும் அன்று என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. இந்த மாணவி தன் சிந்தனை மீட்சியில், “முதலில் நிரூபித்துவிட்டது என்று எழுதினேன், ஆய்வைப் படித்த பிறகு அதை நீக்கினேன், காரணம் இது” என்று எழுதினால் போதும். அவள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்பதை எவரும் காணலாம்.

அறிந்ததை மட்டும் அறிந்த அளவுக்கே எழுதும் இப்பண்பு பெரிய அறிவியலாளர்களிடமும் காணப்படுகிறது. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து, பிறகு சரவாக்கிற்குச் சென்றார். 1855ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், மழைக்காலத்தில், சந்துபோங் மலையடிவாரத்தில் தங்கியிருந்தபோது ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வோர் உயிரினமும், அதற்கு முன்பே இருந்த நெருங்கிய உறவுடைய உயிரினத்தின் இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றியுள்ளது என்பது அதன் சாரம். உயிரினங்கள் மாறுகின்றன என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. எனினும், அவை எவ்வாறு மாறுகின்றன என்பதற்கு அவரிடம் அப்போது விடை இல்லை. ஆகவே, அதற்கு விளக்கம் தராமலே கட்டுரையை முடித்தார்.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு விடை கிடைத்தது. இயற்கைத் தேர்வை விளக்கும் கட்டுரையை 1858ஆம் ஆண்டு அவர் தெர்னாத்தே தீவிலிருந்து சார்ல்ஸ் டார்வினுக்கு அனுப்பினார். அது அவ்வாண்டு ஜூலை முதல் நாள் இலண்டனில் டார்வினின் எழுத்துகளோடு சேர்த்து வாசிக்கப்பட்டது. பின்னர், 1869ஆம் ஆண்டு, பொது வாசகரும் படித்து மகிழும் வண்ணம் ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ என்னும் பயண நூலை வெளியிட்டார். சந்துபோங் கட்டுரையையும் தெர்னாத்தே கட்டுரையையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு அவருடைய வளர்ச்சி கண்கூடாகத் தெரியும். முதல் கட்டுரையிலேயே அவர் எல்லாம் தெரிந்தவர்போல் எழுதியிருந்தால் அந்த வளர்ச்சியை எவரும் கண்டிருக்க முடியாது.

சிந்தனை மீட்சி எழுதுவது வீண் வேலை என்று கருதுவோரும் உள்ளனர். அந்த நேரத்தில் மேலும் ஒரு கட்டுரை எழுதலாமே என்பது அவர்கள் வாதம். வெறும் புகழுரையாக எழுதப்படும் சிந்தனை மீட்சிக்கு இந்த வாதம் பொருந்தும். ஆனால், தன் பிழை எது என்று அறியாமல் பத்துக் கட்டுரைகள் எழுதுபவர் அதே பிழையைப் பத்து முறை செய்யக்கூடும். பழைய வரைவைக் காட்டினால் மதிப்பெண் குறையும் என்ற அச்சமும் மாணவர்களிடம் உண்டு. இந்த அச்சத்தைப் போக்குவது ஆசிரியர்களின் கடமை. முதல் வரைவின் பிழைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காமல், பிழையை எவ்வாறு கண்டறிந்து திருத்தினார் என்பதற்கு மதிப்பெண் வழங்கினால் மாணவர் எதையும் மறைக்கமாட்டார்.

இன்று இது மேலும் தேவைப்படுகிறது. பிழையற்ற, வழவழப்பான கட்டுரையைக் கணினியே சில நொடிகளில் எழுதித் தருகிறது. இறுதிப் படியை மட்டும் பார்த்து, அதை எழுதியவர் சிந்தித்தாரா என்று கூறுவது கடினமாகிவிட்டது. அடித்தலும் திருத்தலும் நிறைந்த வரைவோ சிந்தனை நடந்த வழியைக் காட்டுகிறது.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு வரைவிலும் தேதியைக் குறித்து ஒரு கோப்பில் சேர்த்து வைத்தால் போதும். பருவ இறுதியில் முதல் வரைவையும் கடைசி வரைவையும் அருகருகே வைத்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். சான்றை மீறிச் சொன்ன இடம் எது? வாசகருக்குப் புரியாமல் விட்ட சொல் எது? நீக்கிய வாக்கியம் எது, ஏன்? மூன்றுக்கும் தன் கட்டுரையிலிருந்தே வரிகளை எடுத்துக்காட்டி விடை எழுத வேண்டும்.

சில வேளைகளில், ஒரு கேள்விக்கு விடையாக எந்த மாற்றமும் தென்படாமல் போகலாம். அதையும் மறைக்காமல் எழுதுவதே நேர்மை. எதிர்பார்த்த விளைவு கிட்டவில்லை என்று ஆய்வறிக்கையில் எழுதுவதை அறிவியல் குறையாகக் கருதுவதில்லை. இன்னும் வளரவேண்டிய இடம் எது என்று ஒரு மாணவர் சுட்டிக்காட்ட முடிந்தால், அடுத்த கட்டுரையை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.